மாமாவின் படத்தை வெட்டி கிரெய்ன் போட்டேன், பிரிண்டில் மணல் கொட்டியது போல் வருகிறது

நாவலடிக் காற்று

எல்லோருக்கும் வணக்கம். போன கிழமை பின்னேரம் நாவலடிக் கரையில் மாமா வலை பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ சொன்ன பகிடிக்கு வாய்விட்டுச் சிரித்தார். கிட்டப் போனால் முகத்தை இறுக்கிக்கொள்வார் என்று தெரியும். அதனால் தள்ளி நின்று போனில் சூம் பண்ணி எடுத்தேன். எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் சுனாமியோடு போய்விட்டன. அதற்குப் பிறகு மாமாவின் படம் என்றால் அடையாள அட்டையில் இருப்பதுதான். இதை 12க்கு 8 அங்குலத்தில் அடித்து மாமிக்குக் கொடுக்க ஆசை.

முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று, படம் திருத்துகிற ஸ்னாப்சீட் செயலியில் வெட்டினேன். கன்னமும் தாடியும் தண்ணீர்ச் சாயத்தில் வரைந்தது போல வழிந்திருந்தன. 'கிரெய்ன் போடு, மறைந்துவிடும்' என்று ஒரு சிநேகிதி சொன்னாள். பழைய ஃபிலிம் படங்களில் தெரிகிற மணல் போன்ற பொடிதான் கிரெய்ன். போட்டேன், போனில் வடிவாக இருந்தது. சேமித்த பிறகு ஓரத்தில் நீல வாளி தெரிந்ததால் இன்னொரு தரம் வெட்டினேன். வாட்சப்பில் அனுப்பி அடித்து எடுத்தால் முகம் முழுக்க மணல். ஆகாயத்தில் கட்டம் கட்டமாக வேறு இருக்கிறது. கடைக்காரர் 'உங்கட படம் அப்பிடித்தான்' என்கிறார். பிழை எங்கே?

பழைய ஸ்டூடியோக்காரன்

தங்கச்சி, மூன்று விஷயம் சொல்லுங்க. எத்தனை மடங்கு சூம்? போனில் தூரத்துக்கென்று தனி லென்ஸ் இருக்கா? படத்தின் விவரத்தைத் திறந்தால் என்ன அளவு காட்டுது, வெட்டின பிறகு என்ன அளவு?

நாவலடிக் காற்று

3 மடங்கு, நானா. தூர லென்ஸ் இல்லை. முதலில் 4000க்கு 3000. கடைசியாக வெட்டிய பிறகு 2000க்கு 1500. கிரெய்ன் 60 வரை இழுத்தேன். அதற்குக் குறைத்தால் போட்டதே தெரியவில்லை.

பழைய ஸ்டூடியோக்காரன்

சரி, விளங்கிட்டுது. அந்த 4000 உண்மையான 4000 இல்லை. தூர லென்ஸ் இல்லாத போனில் 3 மடங்கு சூம் என்றால், நடுவில் இருக்கிற 1333க்கு 1000 புள்ளியை (பிக்சல்) எடுத்து 4000க்கு இழுத்துவிட்டிருக்கு. அதாவது போனே ஒரு தரம் வெட்டிட்டுது. அதில் பாதியை நீங்க வெட்டினீங்க. மிஞ்சினது அகலத்தில் 667 புள்ளி. அதை 12 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 56 புள்ளிதான் வரும். கையில் வைத்துப் பார்க்கிற பிரிண்டுக்கு 300 வேணும், 200க்கு மேல் இருந்தால் சமாளிக்கலாம். முகம் வழிந்ததும் அதால்தான். பின்னேரக் குறைந்த வெளிச்சத்தில் படத்தில் வருகிற நொய்ஸ் என்ற அழுக்குப் பொட்டுகளைப் போன் தானே துடைக்கும். துடைக்கும்போது தாடி மயிரையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

அடுத்தது அந்த 60. போன் திரை படத்தைச் சுருக்கித்தான் காட்டுது. சுருங்கும்போது கிரெய்ன் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். 'காணலயே' என்று நீங்க மேலே மேலே இழுத்திருக்கீங்க, தாளில் அது அத்தனையும் எழும்பிட்டுது. போதாததுக்கு கிரெய்ன் போட்ட பிறகு திரும்ப வெட்டினீங்க. அதே தாளுக்குச் சின்னத் துண்டை விரிக்கும்போது கிரெய்ன் மணியும் சேர்ந்து பெருக்கும். கிரெய்ன் எப்பவும் கடைசி வேலை. வெட்டு, வெளிச்சம், அளவு எல்லாம் முடிந்த பிறகுதான்.

ஏத்துக்கால்

கட்டம் கட்டமாக இருப்பது வாட்சப் வேலை. படமாக அனுப்பினால் அது கோப்பை நசுக்கும். கிரெய்ன் உள்ள படத்தை நசுக்கினால் இன்னும் மோசம், அத்தனை சிறு புள்ளியையும் அதால் வைத்திருக்க ஏலாது. ஆவணமாக அனுப்புங்கள், அப்படியே போகும்.

வெட்டாதவன்

எனக்கு இந்த வெட்டு, கிரெய்ன் ஒன்றும் பிடிக்காது. எடுக்கும்போதே சரியாக எடுக்க வேண்டும். பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் கார்த்தியே-பிரெசோன் வெட்டவே மாட்டார். இல்லாத ஃபிலிமுக்கு எதற்கு இப்போது பொய் மணல்?

பழைய ஸ்டூடியோக்காரன்

தம்பி, அவர் 1932ல் பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த, ஆள் தண்ணீருக்கு மேலால் பாய்கிற அந்தப் படம் வெட்டினதுதான். வேலி இடைவெளியால் எடுத்ததில் ஓரம் மறைந்திட்டுது, வெட்டினார். வெட்டுவது குற்றமில்லை, எதை வெட்டுறம் என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, வெட்டாத படத்தை ஒருக்கா போடுங்க.

நாவலடிக் காற்று

போட்டிருக்கிறேன். மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான். 'போடு, ஆனா சாரத்தை இன்னும் கொஞ்சம் நல்லதா உடுத்திருப்பனே' என்றார்.

பழைய ஸ்டூடியோக்காரன்

அட, இதையா வெட்டி எறிஞ்சீங்க! கால் பெருவிரலைப் பாருங்க. வலையை விரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருக்கார், கையில் ஊசி பாதி வழியில் நிற்குது, தலை மட்டும் சிரிப்பில் பின்னால் சாய்ந்திருக்கு. விரலில் இருந்து முகம் வரைக்கும் வலை ஒரு கோடாகப் போகுது. முகத்தை மட்டும் எடுத்தால் அவர் யாருடைய கலியாண வீட்டிலும் சிரித்திருக்கலாம்.

அதனால் இப்படிச் செய்யுங்க. பக்கவாட்டில் ஒன்றும் வெட்டாமல் மேலே ஆகாயத்தில் மட்டும் கொஞ்சம் வெட்டுங்க. 12க்கு 8ஐ மறந்து 6க்கு 4 அடிங்க, 1333ஐ 6ஆல் பிரித்தால் 222, அது போதும். சின்னப் படத்தைச் சுற்றி அகலமாக வெள்ளை விட்டு பெரிய சட்டத்தில் போட்டால் சுவருக்கும் நிறைவாக இருக்கும். கறுப்பு வெள்ளையாக்கினால் நீல வாளி சாம்பலாகிக் கண்ணைக் குத்தாது. நிறப் புள்ளிகளும் தொலையும்.

கிரெய்னுக்கு லேப்டொப்பில் ஜிம்ப் என்ற படம் திருத்துகிற மென்பொருள் இருந்தால் நல்லம், காசில்லை. முதலில் அளவை 1800க்கு 1200 ஆக்குங்க. பிறகு அதில் கிரெய்ன் போடுகிற 'ஆர்ஜிபி நொய்ஸ்' ஃபில்டர். அதில் 'இண்டிபெண்டன்ட் ஆர்ஜிபி' என்ற சரி அடையாளத்தை எடுத்துவிடுங்க, இல்லாட்டி வண்ண மணல் வரும். முகத்தை 100 வீதத்தில் பெருப்பித்துப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்யணும். கூர்மையைத் திரும்பக் கூட்ட வேணாம், போன் ஏற்கனவே கூட்டி வைத்திருக்கு.

இன்னொன்று. இருட்டறைக் காலத்தில் முழுத் தாளை வீணாக்காமல் துண்டு துண்டாக வெளிச்சம் காட்டிப் பார்ப்பம். அதே மாதிரி முகப் பகுதியை, பெருப்பிக்காமல் சின்னாக்காமல், நாலு அளவு கிரெய்னோடு ஒரே 6க்கு 4 தாளில் பக்கம் பக்கமாக வைத்து அடிங்க. ஒரு பிரிண்டின் காசுதான். திரையை நம்ப வேணாம்.

வெட்டாதவன்

வெட்டாத படம் நல்லம் என்றுதான் நானும் சொன்னேன். (கிரெய்னில் நான் இன்னும் மாறவில்லை.)

நாவலடிக் காற்று

நாலு கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நாலையும் ஒரே தாளில் அடித்தேன். திரையில் எனக்குப் பிடித்தது மூன்றாவது, தாளில் அது அழுக்குப் போல இருந்தது. இரண்டாவதை எடுத்தேன். கன்னம் வழியவில்லை, ஆகாயத்தில் மட்டும் மெல்லிய பொருக்கு. வாளி இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

மாமி படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தா. பிறகு, 'அந்த வலை அண்டைக்கு முழுக்கப் பொத்தி முடிக்கல்ல' என்றா.