மறு: ‘கந்தழி எண்’ வேண்டாம், ‘முடிவுகடந்த எண்’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

> கான்டரின் டிரான்ஸ்ஃபைனைட் எண்களைக் ‘கந்தழி எண்’ எனலாம். பழஞ்சொல், அழகாகவும் இருக்கிறது.

அழகில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் கணக் கோட்பாட்டை நிறுவிய ஜெர்மானியக் கணிதவியலர் கான்டர், முடிவுள்ள எண்களைத் தாண்டிய டிரான்ஸ்ஃபைனைட் (transfinite) எண்களையும் இறைவனுக்குரிய முடிவிலியையும் பிரித்துக் காட்டப் பாடுபட்டார். அவற்றை இந்தச் சொல் மறுபடி ஒன்றாகக் கலந்துவிடும்.

தொல்காப்பியம் கந்தழியைக் கடவுள் வாழ்த்தோடு சேர்த்துச் சொல்கிறது. நச்சினார்க்கினியர் உரைப்படி அது பற்றுக்கோடு இன்றி, அருவாகி, தானே நிற்கும், தத்துவம் கடந்த பொருள். அத்தகைய பொருளோடு ஒன்றைக் கூட்டிப் பெரிதாக்க முடியுமா? கான்டரின் எண்களைக் கூட்டலாம். 1, 2, 3 என்று செல்லும் எண்கள் அனைத்துக்கும் பின் ஒமேகா வருகிறது. அதற்கடுத்து ஒமேகா கூட்டல் 1. வளர்க்க முடிவதே இவற்றின் இயல்பு. வளர்க்கவே முடியாத முழுமுதல் முடிவிலியைக் கான்டர் தனியே நிறுத்தி, அதை இறைவனுக்கு உரியதாகக் கொண்டார்.

ஊருக்காகச் சொன்ன சமாதானம் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். லூத்தரன் சபையைச் சேர்ந்த அவர், 1886-இல் கத்தோலிக்கக் கர்தினால் பிரான்சலினோடு கடிதம் வழியே இதை விவாதித்தார். படைப்புக்குள் முடிவிலி உண்டென்றால் உலகமே இறைவன் என்ற கொள்கையில் போய் முடியுமே என்பது கர்தினாலின் அச்சம். என்றுமுள்ள, படைக்கப்படாத முடிவிலி வேறு. படைக்கப்பட்ட முடிவிலி வேறு. பின்னதே டிரான்ஸ்ஃபைனைட் என்று கான்டர் விளக்கினார். அந்தப் பிரிவினையால் சமய உண்மைகளுக்கு ஆபத்தில்லை என்று கர்தினாலும் ஒப்புக்கொண்டார். அந்தப் பெயருக்குள் இவ்வளவு இருக்கிறது. அதைத் தமிழில் தொலைக்க எனக்கு மனம் வரவில்லை.

‘முடிவிலி எண்’ என்றால், முடிவே இல்லாததற்கு அடுத்த எண் எப்படி வரும் என்று மாணவர் இடறுவார். ‘வரம்பிகந்த எண்’ ஓசை நயமுள்ளது. ஆனால் ‘வரம்பு’ என்பதை ‘வரம்புள்ள கணம்’ (bounded set) என்று வேறு பொருளில் ஏற்கெனவே வழங்குகிறோம்.

‘முடிவுகடந்த எண்’ என்பது ‘முடிவுறு கணம்’ என்று பள்ளியில் படித்தவருக்கு உடனே விளங்கும். ‘முடிவுகடந்த தொகுத்தறிதல்’ (transfinite induction என்னும் நிறுவல் முறை) என்று நீட்டவும் இடம் தருகிறது. ‘கடந்த’ என்பதிலும் கடவுள் வாடை உண்டே, உரையாசிரியரே ‘தத்துவம் கடந்த’ என்கிறாரே என்று கேட்பீர்கள். எதைக் கடந்தது என்பதைப் பாருங்கள். இந்த எண் முடிவை மட்டுமே கடக்கிறது; கூட்டலும் பெருக்கலும் ஒப்பீடும் அதற்கு இன்னும் பொருந்துகின்றன.

கந்தழியை முழுமுதல் முடிவிலிக்கே வைத்துக்கொள்வோம். அதைவிடப் பொருத்தமான இடம் அந்தச் சொல்லுக்குக் கிடைக்காது.

முடிவிலாக் கணங்களின் அளவைக் குறிக்கும் ஆலெஃப் எபிரேய எழுத்தாகவே இருக்கட்டும். வரிசையில் இடத்தைக் குறிக்கும் ஒமேகா போன்றவற்றை (ordinal) ‘வரிசை எண்’ என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பட்டியலில் இடும் எண்ணோடு குழம்புகிறது. ‘முறையெண்’ சரிவருமா?

அன்புடன்