பாண்டாஸை இம்போர்ட் செய்யும் வரியிலேயே நிரல் நின்றுவிடுகிறது

கேள்வி:
வணக்கம். என் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடும் பைத்தான் நிரல், புதிய சர்வரில் பாண்டாஸ் என்ற தரவு ஆய்வு நூலகத்தை இம்போர்ட் செய்யும் வரியிலேயே நின்றுவிடுகிறது. பாண்டாஸ் சார்ந்திருக்கும் எண்கணக்கு நூலகமான நம்பையின் டிடைப் (தரவு வகையைக் குறிக்கும் அமைப்பு) அளவு மாறியிருக்கிறது, 96 எதிர்பார்த்த இடத்தில் 88 கிடைத்தது என்று வேல்யூஎரர் என்ற பிழை வருகிறது. நிறுவ வேண்டிய நூலகங்களைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் பாண்டாஸ் 2.0.3 மட்டுமே இருக்கிறது. நூலகங்களை நிறுவும் கருவியான பிப்பின் சரிபார்ப்புக் கட்டளை, பிப் செக், எந்தக் குறையும் காட்டவில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி 1:
பாண்டாஸ் 2.0.3 நம்பையின் பழைய 1 வரிசைக்காகக் கம்பைல் செய்யப்பட்டது (இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டது). 2024 ஜூனில் வந்த நம்பை 2.0இல் டிடைப்பின் உள்ளமைப்பே மாறிவிட்டதால், இரண்டும் பைட் கணக்கில் முரண்படுகின்றன. அந்தப் பாண்டாஸ் பதிப்பு நம்பைக்குக் கீழ்வரம்பை மட்டுமே அறிவிக்கிறது, மேல்வரம்பு கிடையாது. எனவே புதிய சர்வரில் பிப் புதிய நம்பையையே இறக்கியிருக்கும். பிப் செக்கும் அறிவிப்புகளை மட்டுமே ஒப்பிடுவதால், கம்பைல் செய்த கோப்புகளுக்குள் இருக்கும் முரண் அதன் கண்ணில் படாது. கோப்பில் நம்பை 1.26.4 என்று சேர்த்து, விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (நூலகங்களை நிறுவியிருக்கும் தனிச் சூழலை) அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. ஆனாலும் நெடுநாள் ஓட வேண்டிய நிரலென்றால், நம்பை 2உடன் இணங்கும் பாண்டாஸ் 2.2.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறுவதையே நான் பரிந்துரைப்பேன். எதைத் தேர்ந்தாலும், நிறுவிய பதிப்புகளைக் காட்டும் பிப் ஃப்ரீஸ் கட்டளை மடிக்கணினியில் தரும் முழுப் பட்டியலையும் சர்வர் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நம்பை 1.26.4 சேர்த்ததும் ஓடுகிறது. பதிப்பு உயர்த்தலைத் தனியாகச் சோதிக்கிறேன்.