டிராக்குக்குப் பழைய ஹாட் ஹேட்ச்: கிளியோ 182-ஆ, சிவிக் டைப் ஆரா?

பின்சக்கரம்:
ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்ட ஒரு பழைய ஹாட் ஹேட்ச் (வேகமான சின்ன ஹேட்ச்பேக் கார்) தேடுகிறேன். ரெனோ கிளியோ 182, ஹோண்டா சிவிக் டைப் ஆர் (2001–05, ஈபி3) இரண்டில் ஒன்று. வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கணும்? அப்புறம் எதை முதலில் மாத்தணும்? எக்ஸாஸ்ட், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றுவது), காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர்) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பாதி வேலையை நானே செய்துகொள்வேன்.

கேம்லாக்:
கிளியோ என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், ஆக்சிலரி பெல்ட் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். ஆக்சிலரி பெல்ட் பிய்ந்தால் அதன் நார் டைமிங் கவருக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு டைமிங்கையே தள்ளிவிடும். பல இன்ஜின் அப்படித்தான் போகிறது.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டீசல் வண்டி மாதிரி கடகடவென்றால் டிஃபேசர் புல்லி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் புல்லி) தேய்ந்திருக்கிறது. கிளியோவின் இந்த எஃப்4ஆர் இன்ஜினில் கேம் புல்லிக்கு கீ (நழுவாமல் பிடிக்கும் ஆப்பு) கிடையாது, போல்ட் இறுக்கத்தில்தான் நிற்கிறது. லாக்கிங் பார் (கேம் தண்டை அசையாமல் பிடிக்கும் கருவி) இல்லாமல் பெயிண்ட் குறி வைத்து பெல்ட் மாற்றும் மெக்கானிக்கிடம் விடவே விடாதீர்கள்.

சிவிக்கில் செயின், அந்தச் செலவு இல்லை. அங்கே பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ். நன்றாகச் சூடான பிறகு 7,000 ஆர்பிஎம்முக்கு மேல் 2-லிருந்து 3-க்கு வேகமாக மாற்றிப் பாருங்கள். கரகரத்தால் சின்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் வளையம்) போச்சு. 6,000 தாண்டியும் விடெக் (அதிக ஆர்பிஎம்மில் வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் ஹோண்டா அமைப்பு) ஏறவில்லையென்றால் முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) எடுத்துப் பாருங்கள், ஆயில் குறைந்தாலே ஏறாது.

என் ஓட்டு கிளியோவுக்கு. சிவிக்கைவிட நூறு கிலோ போல இலேசு. டயரும் பிரேக் பேடும் கூடுதல் நாள் வரும்.

டாட்நான்கு:
ரீமேப்பை மறந்துவிடுங்கள். டர்போ இல்லாத இன்ஜினில் அதனால் கிடைப்பது சொற்பம். முதல் காசு பிரேக்குக்கு.

சாதாரண டாட் 4 பிரேக் ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் இழுத்த பிறகு அந்த வரம்பு 155. டிராக்கில் சில சுற்றுகளிலேயே அதைத் தாண்டிவிடும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி 300 டிகிரிக்கு மேல் தாங்குவதை ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ப்ளீட் செய்யுங்கள் (பழைய ஃப்ளூயிடையும் காற்றையும் வெளியேற்றுங்கள்). ஃபெரோடோ டிஎஸ்2500 ரகப் பேட், புது டிஸ்க். துளை போட்ட டிஸ்க் வேண்டாம். சூட்டில் துளையிலிருந்து விரிசல் ஓடும். புதுப் பேடைப் பதப்படுத்த 100-லிருந்து 30 கிமீ வரை எட்டுப் பத்து முறை அழுத்திக் குறைக்கணும், முழுசாக நிறுத்தாமல். பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள்.

பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேட் சூடேறிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஃப்ளூயிட் கொதிக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சூட்டோடு பிட்டில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விடுங்கள்.

அடுத்தது ஆயில். ஒட்டும் டயர் போட்டு நீண்ட வளைவில் போனால் சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பிக்கப் (ஆயில் உறிஞ்சும் குழாய்) காற்றை இழுக்கும், பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்) காலி. ஆயில் லைட் எரிவதற்குள் சேதம் முடிந்திருக்கும். தடுப்புத் தகடு வைத்த சம்ப் போடுங்கள். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் அளவு பார்த்து மேல் கோட்டில் வையுங்கள்.

நெகடிவ்3:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் காயில்ஓவரை ஒதுக்க முடியாது. முன்பக்க கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது) இல்லையென்றால் டயரின் வெளி ஓரம் மொட்டையாகிவிடும். மைனஸ் 2.5 முதல் 3 டிகிரி, டோ (சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம் அல்லது பக்கத்துக்கு 1 மிமீ வெளியே. ஒரிஜினல் ஸ்ட்ரட்டோடு (முன் சஸ்பென்ஷன் தூண்) தொடங்குவதென்றால் கேம்பர் போல்ட்டிலேயே ஒன்றரை டிகிரி வரை கிடைக்கும்.

உயரத்தை 25–30 மிமீக்கு மேல் இறக்காதீர்கள். கீழ் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போனால் ரோல் சென்டர் (வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) மளமளவென்று இறங்கி, ஸ்பிரிங் கடினமாக இருந்தும் பாடி அதிகமாகச் சாயும். ஈபி3-இல் பம்ப் ஸ்டியரும் சேரும்: மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் தானாக இழுக்கும்.

இன்னொன்று. முன்சக்கர டிரைவில் பின் டயர் சூடாக நேரமெடுக்கும். முதல் இரண்டு சுற்றில் வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விட்டால் பின்பக்கம் சுற்றிவிடும்.

பின்சக்கரம்:
நன்றி. கிளியோதான் என்று முடிவு செய்துவிட்டேன். பக்கெட் சீட்டும் ஹார்னஸும் (ரேஸ் கார்களில் போடும் பல முனை பெல்ட்) போடலாமா? ரோல் கேஜ் (கவிழ்ந்தால் காக்கும் உள் குழாய்க் கூண்டு) இப்போதைக்கு இல்லை.

கேம்லாக்:
பின் ரோல் பார் (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் குழாய் வளைவு) இல்லாமல் ஹார்னஸ் வேண்டாம் சார். ஹார்னஸின் தோள் வார் பின்னால் போகும்போது கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் கீழிறங்கக் கூடாது, 10 டிகிரி போல இருந்தால் நல்லது. தரையில் மாட்டினால் மோதலில் அது முதுகெலும்பைக் கீழே அழுத்தும். வண்டி கவிழ்ந்தால் ஹார்னஸ் நிமிர்த்தியே பிடிக்கும், கூரை தலையில் இறங்கும். அதுவரை பக்கெட் சீட், ஒரிஜினல் மூன்று முனை பெல்ட்.