வீட்டில் கட்டும் மிக்ஸட் மீடியா நோட்டு: வாய் பிளப்பதும் வளைவதும் ஒட்டிக்கொள்வதும்

பாளையங்கோட்டையிலிருந்து

கைக்கட்டு நோட்டில் படம், துணி, நூல், காய்ந்த இலை என்று ஒட்டுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் கேட்கிற கேள்வி, நோட்டு ஏன் வாய் பிளந்து நிற்கிறது என்பதுதான். ஒட்ட ஒட்ட முன்விளிம்பு பருக்கிறது. முதுகு, தைத்த அன்று இருந்த தடிமனிலேயே நிற்கிறது. நிரப்பி முடித்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. தைப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது படம் வரையும் கெட்டித் தாள், சுமார் 0.28 மி.மீ. தடிமன் இருக்கும். இரண்டு தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் ஒரு பாரம். அதில் நாலு ஏடு. ஆறு பாரம் என்றால் 24 ஏடு, முதுகு 7 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. ஓர் ஏட்டின் இரு பக்கத்திலும் ஒட்டியது, பூசியது எல்லாம் சேர்ந்து அரை மி.மீ. கூடினாலே முன்விளிம்பு 12 மி.மீ. ஏறிவிடும். அந்த 12 மி.மீ.யை முதுகிலும் கொடுத்தால்தான் நோட்டு மூடும். அதாவது பாரத்துக்கு 2 மி.மீ.

அதே தாளில் 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டை வெட்டி, நீளவாக்கில் நடுவே மடியுங்கள். மடித்த பட்டை 0.56 மி.மீ. ஒரு பாரத்துக்கு நாலு பட்டை: இரண்டு தாளுக்கும் இடையில் இரண்டு, நடு மடிப்பில் இரண்டு. பசை வேண்டாம், தையலிலேயே பிடித்துக்கொள்ளும். வெறும் நோட்டாக இருக்கையில் முதுகுப்பக்கம் ஆப்பு மாதிரித் தடித்திருக்கும். பார்த்துவிட்டுப் பட்டையை உருவிவிடாதீர்கள், நிரம்பி வரும்போது சமமாகிவிடும். பட்டையின் ஓரம் ஏடுகளுக்கு நடுவே மடிப்பிலிருந்து 1.5 செ.மீ. நீட்டிக்கொண்டிருப்பதால், கனமான துணியையோ அட்டையையோ ஏட்டில் ஒட்டாமல் அந்தப் பட்டையிலேயே தொங்கவிடலாம்.

வேறு என்னென்ன கெடுகிறது, எதனால் கெடுகிறது என்று அவரவர் கண்டதை எழுதுங்கள்.

டவுனிலிருந்து (பைண்டிங் வேலை)

தாள் வாங்கும்போதே பாதி நோட்டு கெட்டுவிடுகிறது அக்கா. தாளுக்கு நாரோட்டம் உண்டு. நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் சுலபமாக மடியும், நேராகக் கிழியும். ஈரம் பட்டால் தாள் நாரின் நீளத்தில் அவ்வளவாக விரியாது, நாரின் குறுக்கே விரியும். அதனால் நாரோட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே போனால் மடிப்பு வெடிக்கும். பசை பட்டதும் விரியப் பார்க்கிற தாளை முதுகுத் தையல் பிடித்து வைத்திருப்பதால், முதுகோரம் அலை அலையாக எழும்பும். பிறகு எந்த எடை வைத்தும் போகாது.

கடையில் ரீமாகக் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில்தான் ஓடும். அதைப் பாதியாக மடித்து ஏ5 நோட்டு கட்டினால் நார் குறுக்கே வந்துவிடும். 80 ஜிஎஸ்எம்மில் சமாளிக்கலாம். 200க்கு மேல் போனால் மடிப்பிலேயே காட்டிக்கொடுக்கும். அதற்குப் பெரிய தாளாக, 20க்கு 30 அங்குலமோ 23க்கு 36 அங்குலமோ வாங்கி, நார் பார்த்து வெட்டிக்கொள்வதுதான் வழி. சிவகாசி அச்சகங்களில் வெட்டி மிஞ்சிய தாள் எடை கணக்கில் கிடைத்தால் நல்லது, ஆனால் அதில் நார் எந்தப் பக்கமும் இருக்கும். ஒவ்வொரு கட்டிலும் ஒரு தாளைச் சோதிக்காமல் மடிக்காதீர்கள்.

சோதனை எளிது. மூலையில் ஓர் அங்குலச் சதுரம் வெட்டி, எது எந்தப் பக்கம் என்று பென்சிலில் அம்புக்குறி போட்டு, ஒரு முகத்தை மட்டும் நனையுங்கள். உடனே குழாய் மாதிரிச் சுருளும். குழாயின் நீளம் எந்தத் திசையோ அதுதான் நாரோட்டம். மேலட்டைக்கும் இதே விதிதான். தாள், அட்டை, துணி மூன்றும் ஒரே ஓட்டத்தில் இருக்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

பசை பற்றி. ஃபெவிக்காலை மட்டுமே வைத்து மொத்த நோட்டையும் ஒட்டுகிறார்கள். சீக்கிரம் பிடிக்கும், சரி. ஆனால் கோணலாக ஒட்டியதை எடுக்க முடியாது, தாள் கிழிந்துதான் வரும். மைதாப் பசை பைய பிடிக்கும். நகர்த்தி, நீவி, நேராக்க அவகாசம் தரும்.

மைதா 50 கிராம், தண்ணீர் 250 மி.லி. முதலில் கால் பங்குத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து அரை மணி ஊறவிடுங்கள். மீதித் தண்ணீரைச் சுடவைத்து, கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பு சிம்மில் இருக்கட்டும். வெள்ளையாக இருந்தது கண்ணாடி மாதிரி மங்கலாகி, கரண்டியிலிருந்து நாடாவாக விழுந்தால் இறக்கலாம். வெள்ளை மாறும் முன்பு இறக்கினால் மாவு வேகவில்லை என்று பொருள், காய்ந்ததும் உதிரும். ஆறியதும் வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வெளியே வைத்தால் மறுநாளே புளித்துவிடும், ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். துணிக்கும் முதுகுக்கும் இதோடு ஃபெவிக்கால் சரிபாதி கலந்துகொண்டால் பிடிமானமும் கிடைக்கும், அவகாசமும் கிடைக்கும்.

இராமபாணப் பூச்சி வராமலிருக்க, இறக்கும்போது மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்கிற செம்பு உப்பு) ஒரு சிட்டிகை போடுவது இங்கே பழைய பழக்கம்.

டவுனிலிருந்து (பைண்டிங் வேலை)

துத்தம் போடுவது எங்கள் தொழிலிலும் உண்டுதான் அண்ணாச்சி. கணக்குப் பேரேட்டுக்குப் போட்டார்கள். படம் வரைகிற நோட்டுக்கு வேண்டாம் என்பேன். செம்பு தாளின் நாரை அரிக்கும். ஆண்டுகள் போகப் போகப் பசை பட்ட இடம் பழுத்து, மொறுமொறுவென்று ஒடியும். சாயத்தின் நிறத்தையும் மாற்றும். அதோடு அது விஷம். சமையல் பாத்திரத்தில் காய்ச்சுகிற, பிள்ளைகள் தொடுகிற வீட்டு வேலைக்கு அது எதற்கு? கிராம்புத் தைலம் இரண்டு சொட்டு விட்டால் பூஞ்சணம் தள்ளிப்போகும். அலமாரியில் வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், பசையை மெல்லிசாகப் பூசுவது. பூச்சி தேடி வருவது அந்த மாவைத்தான்.

தென்காசியிலிருந்து

சாரல் காலத்தில் இங்கே கட்டிய நோட்டும், அதே ஆனி ஆடியில் கயத்தாறு பக்கம் வறண்ட காற்றில் கட்டியதும் ஒரே மாதிரி வராது. அட்டை வளைவது பற்றி இதைச் சொல்லாமல் பேச முடியாது.

பசை பட்ட துணி விரிகிறது. விரிந்த நிலையில் அட்டையில் ஒட்டுகிறோம். காயும்போது அது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும், அட்டை வெளிப்பக்கம் குழியும். இதை நேர் செய்வது உட்பக்கத்தில் ஒட்டும் தாள்தான். அதுவும் சுருங்கி எதிர்ப்பக்கம் இழுத்தால் அட்டை நேராக நிற்கும். ஆகவே வெளித் துணி ஒட்டிய அன்றே உள் தாளையும் ஒட்டிவிடுங்கள். வெளித் துணி கனமாக இருந்து உள் தாள் மெல்லிசாக இருந்தால் இழுப்பு சமமாகாது. அப்போது உள்ளே இரண்டு தாள் ஒட்டலாம்.

எடைக்கு அம்மிக்கல்லைவிட நல்லது எதுவும் இல்லை. நோட்டுக்கு மேலும் கீழும் வழவழப்பான பலகை வைத்து, அதன்மேல் கல். சாரலிலும் ஐப்பசி மழையிலும் ஒரு நாள் போதாது, மூன்று நாள் வையுங்கள். இடையில் வைத்திருக்கும் உறிஞ்சு தாளை முதல் நாள் மூன்று தடவையாவது மாற்ற வேண்டும். நனைந்த தாளை அப்படியே விட்டால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூஞ்சணம் புள்ளி புள்ளியாக வரும். செய்தித்தாளை நேராகப் படும்படி வைக்காதீர்கள், மை ஏறும். ஆடிக் காற்றில் இதற்கு நேர்மாறு. ஃபேனை நிறுத்தி, காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் பசை தடவுங்கள். இல்லாவிட்டால் ஒரு முனை தடவி மறுமுனை போவதற்குள் முதல் முனை காய்ந்து கொப்புளம் விழும்.

பத்தமடையிலிருந்து

மேலட்டையில் கோரைப்பாய்த் துண்டு வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. வெட்டியதும் பாவு நூல் விலகிக் கோரை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும். வெட்டும் கோட்டுக்கு இருபுறமும் அரை செ.மீ. அகலத்துக்கு முன்னும் பின்னும் ஃபெவிக்கால் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு புது பிளேடால் அந்தக் கோட்டில் வெட்டுங்கள். கத்தரிக்கோல் கோரையை நசுக்கும்.

அட்டையின் மேலேயே ஒட்டினால் பாய் துருத்திக்கொண்டு நிற்கும். பையில் போட்டு எடுக்கும்போதெல்லாம் ஓரம் தேயும். அதனால் 2 மி.மீ. அட்டையின்மேல், பாயின் தடிமனே உள்ள இன்னோர் அட்டையில் ஜன்னல் வெட்டி ஒட்டுங்கள். துணியை ஜன்னலின் உள்விளிம்புக்கும் மடித்து ஒட்டிவிட்டு, கடைசியாகப் பாய்த் துண்டை அந்தக் குழியில் இறக்குங்கள். ஜன்னல் துண்டைவிடச் சுற்றிலும் ஒரு மி.மீ. பெரிதாக இருக்கட்டும், துணி மடிப்புக்கு அந்த இடம் வேண்டும்.

நோட்டை மூடிக்கட்டும் கயிற்றின் நுனிக்கு ஓலைச்சுவடிக் கிளிமூக்கு, அதாவது சுவடிக் கயிற்றின் நுனியில் கட்டும் ஓலைத் துண்டு, ரொம்பப் பொருத்தம். ஓலைத் துண்டைக் காய்ந்தபடி மடித்தால் ஒடியும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மடியுங்கள்.

திசையன்விளையிலிருந்து

தேரி மண்ணில் (இங்குள்ள செம்மணல் மேட்டு மண்) வண்ணம் எடுக்கலாமா என்று போன தடவை ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். தாராளமாக எடுக்கலாம். அந்தச் சிவப்பு, மணலின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. வெயிலில் வெளிறாது. மஞ்சளை எடுத்தால் சில வாரம் வெளிச்சம் பட்டாலே போய்விடும், சுண்ணாம்பு கலந்த பூச்சில் பட்டால் அப்போதே சிவந்துவிடும்.

அரைக் கிலோ மண்ணைச் சல்லடையில் சலித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு உள்ளங்கையால் பத்து நிமிடம் பிசைந்து தேயுங்கள். மணலோடு மணல் உரசித்தான் சிவப்பு கழன்று வரும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முப்பது எண்ணும்வரை நின்று, மேலே நிற்கும் சிவப்புத் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் சாயுங்கள். அடியில் தங்கியது மணல், அது வேண்டாம். சாய்த்த தண்ணீரை ஓர் இரவு அசையாமல் வைத்தால், காலையில் அடியில் சந்தனக் குழம்பு மாதிரிப் படிந்திருக்கும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டுத் தட்டில் காயவையுங்கள். விரலுக்கிடையில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி இருக்க வேண்டும். நறநறவென்றால் மறுபடி கரைத்துச் சாய்க்க வேண்டியதுதான்.

பிணைப்புக்குக் கருவேலம் பிசின். ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், இரவு முழுக்க ஊறியதும் வடிகட்டி, தேன் சில சொட்டு. கண்ணாடித் தட்டில் பொடியும் பிசினும் சமமாக வைத்து, சின்னக் குழவியின் தட்டையான அடியால் வட்டமாக அரையுங்கள். காய்ந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் நிறம் ஒட்டினால் பிசின் குறைவு. பளபளத்து வெடித்தால் அதிகம்.

வள்ளியூரிலிருந்து

அக்ரிலிக் பூசிய பக்கங்கள் எதிரெதிரே ஒட்டிக்கொள்வது பற்றி யாரும் எழுதவில்லை. நம் ஊர்க் கத்திரி வெயிலில் இது கட்டாயம் நடக்கும். அக்ரிலிக் காய்ந்த பிறகும் பிளாஸ்டிக்தான், சூட்டில் இளகும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக நோட்டை மூடி எடை வைக்கக் கூடாது. கனமாகப் பூசியிருந்தால் உள்வரை இறுகவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை திறந்தே விட்டிருங்கள். அப்புறம் தேன்மெழுகுக் கட்டியை மேலாகத் தேய்த்து, மெல்லிய துணியால் பளபளக்கும்வரை துடையுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் கேக் செய்யும் பேக்கிங் ஷீட் வைக்கலாம்.

ஒட்டியவற்றைப் பிடித்து இழுக்காதீர்கள். நோட்டை அப்படியே கவரில் சுற்றி அரைமணி ஃபிரிட்ஜில் வைத்தால் பூச்சு விறைக்கும். பிறகு மூங்கில் சீவியை ஓரத்தில் விட்டுப் பையப் பைய நகர்த்திப் பிரிக்கலாம்.

கல்யாணப் பத்திரிகை ஒட்டுகிறவர்கள், அதன் வழவழப்பில் மைதாப் பசை பிடிக்காது என்பதை நினைவில் வையுங்கள். பின்பக்கத்தை 220 நம்பர் உப்புத்தாளால் மங்கலாகும்வரை தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். எழுத்தை டிரான்ஸ்ஃபர் எடுப்பதானால், அதாவது அச்சின் மையை மட்டும் பக்கத்தில் பதிப்பதானால், லேசர் பிரிண்ட்தான் வேண்டும், இங்க்ஜெட் கரைந்தோடும். கம்ப்யூட்டரிலேயே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்செடுங்கள், மறந்தால் எழுத்து இடவலம் மாறி வரும்.

பாளையங்கோட்டையிலிருந்து

தையல் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: ஏ5 உயரமான 21 செ.மீ.க்கு ஐந்து துளை போதும். மேலிருந்து 1.5, 6, 10.5, 15, 19.5 செ.மீ. அளவுத் தாள் ஒன்று வெட்டி, எல்லாப் பாரத்துக்கும் அதையே வைத்துக் குத்துங்கள். பாரத்தைப் பாதி திறந்து, குத்தூசியை மடிப்பின் உள்ளிருந்து சாய்வில்லாமல் நேரே இறக்க வேண்டும். பட்டைகள் இருப்பதால் துளை கொஞ்சம் விலகினாலும் நூல் முதுகைக் கிழிக்கும்.

பூக்கட்டும் நூல் தாங்காது. செருப்புத் தைக்கும் நூல், அல்லது மூன்று புரி பருத்தி நூலைத் தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்தது. நீளத்துக்குப் பாரம் எத்தனையோ அத்தனை உயரம், கூட இரண்டு உயரம்: ஆறு பாரத்துக்கு 168 செ.மீ. நூலை மடிப்பின் போக்கிலேயே இழுங்கள். செங்குத்தாக மேலே இழுத்தால் தாள் துளையிலிருந்து கிழியும். நடுவில் நூல் தீர்ந்தால் முடிச்சு பாரத்தின் உள்பக்கம் விழட்டும், வெளியே விழுந்தால் முதுகில் மேடு தட்டும். கடைசிப் பாரம் முடிந்ததும் நூலை ஒட்ட வெட்டாமல் 1 செ.மீ. விட்டு, நுனியை ஊசியால் பிரித்து விசிறி மாதிரிப் பரப்பி ஒட்டிவிடுங்கள்.