அடிமரத்தோடு ஒட்ட வெட்டிய கிளை: வீட்டு மரங்களைப் பராமரித்த அனுபவங்கள்

எங்கள் வீட்டு வாகை மரத்தின் பெரிய கிளையொன்று கூரையின் மேல் சாய்ந்துவிட்டதால், ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு மரம் வெட்டுபவர் ஒருவரை அழைத்து அதை எடுக்கச் சொன்னோம். அவர் அடிமரத்தோடு ஒட்ட, கையால் தடவினால் மேடுபள்ளம் தெரியாத அளவுக்கு மழமழவென்று அறுத்து, அந்த வட்டத்தின் மேல் தாரும் பூசிவிட்டுப் போனார். வேலை சுத்தமாக முடிந்தது என்றே நினைத்தோம். மூன்றாம் மழைக்காலத்தில் தார் வெடித்து, அதன் கீழ் விளிம்பிலிருந்து கருநிற நீர் வடியத் தொடங்கியது. வெட்டின் இடமும் வலமும் பட்டை தடித்து உருண்டு வந்திருந்தது; மேலும் கீழும் வரவே இல்லை.

அதன் பிறகுதான் முறையாகப் பயின்ற மர வல்லுநர் ஒருவரை அழைத்தோம். அவர் ரம்பத்தைத் தொடுவதற்கு முன்பு தூரைச் சுற்றி நடந்து, காளான் முளைத்திருக்கிறதா, மண் வெடித்திருக்கிறதா என்று பார்த்தார். பின்னர் ஒரு கொட்டாப்புளியால் அடிமரத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். கெட்டியாக ஒலித்துவந்த மரம், அந்த வெட்டுக்குக் கீழே வந்ததும் வெற்றுப் பானைபோல ஒலித்தது. அந்த ஒலியை நான் இன்னும் மறக்கவில்லை.

மரத்தின் காயம் நம் உடலின் புண்ணைப்போல ஆறுவதில்லை என்று அவர் விளக்கினார். கெட்டுப்போன பகுதியை மரம் புதுப்பிப்பதில்லை. அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து உள்ளே பார்த்து, 1970களில் இதை விரிவாக எடுத்துரைத்தவர். கிளை அடிமரத்தில் சேரும் இடத்தில் மோதிரம்போலப் புடைத்திருக்கும் கழுத்தில்தான் அந்தத் தடுப்பு வலுவாக அமையும். எங்கள் மரத்தில் அறுத்தெறியப்பட்டது அந்தக் கழுத்தேதான். பூசிய தாரும் அழுகலைத் தடுக்கவில்லை.

உராய்ந்துகொண்டிருந்த இரு கிளைகளில் ஒன்றை அவர் அன்றே எடுத்துக் காட்டினார். ஆணி பதித்த காலணி ஒவ்வோர் அடியிலும் மரத்தில் ஒரு காயத்தை விட்டுச்செல்லும் என்பதால், கயிற்றைப் பற்றித்தான் ஏறினார். கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, அடிப்பக்கத்தில் முதலில் சிறிது ஆழம் அறுத்தார். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தபோது, கிளை பட்டையை உரித்துக்கொண்டு விழாமல் முறிந்து, கட்டிய கயிற்றில் மெல்ல இறங்கியது. மிஞ்சிய கட்டையை, கழுத்தைத் தொடாமல் அதன் வெளி விளிம்பில் எடுத்தார்.

*

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் வேப்பமரம்தான் நினைவுக்கு வந்தது. காற்றில் சாய்ந்துவிடும் என்று அஞ்சி, உச்சி முழுவதையும் மொட்டையாக வெட்டச் சொன்னது நான்தான். ஒவ்வொரு வெட்டைச் சுற்றியும் கொத்துக் கொத்தாகப் போத்துகள் கிளம்பி, சில ஆண்டுகளில் மரம் பழைய உயரத்தை எட்டியது. பிறகு வீசிய காற்றில் தொடைப் பருமனுள்ள ஒன்று பிய்த்துக்கொண்டு விழுந்தது. இயல்பான கிளைபோல அது அடிமரத்துக்குள் பின்னி வளரவில்லை. மேல் அடுக்கில் மட்டுமே ஒட்டியிருந்தது. அபாயத்தைக் குறைப்பதாக எண்ணி நான் அதைக் கூட்டியிருக்கிறேன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது. ஒரு வளர்பருவத்தில் தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்கவே கூடாது என்று பின்னர் வந்த வல்லுநர் சொன்னார். இப்போது போத்துகளில் வலுவானவற்றை மட்டும் விட்டு, மற்றவற்றை ஆண்டுக்குச் சிறிதாகக் கழித்துவருகிறோம். உங்கள் வாகை இப்போது எப்படி இருக்கிறது?

*

நிற்கிறது, ஐயா. உள்ளே பொந்து இருந்தாலும் சுற்றியுள்ள மரம் போதிய தடிமனோடு இருப்பதால் வெட்ட வேண்டியதில்லை என்று வல்லுநர் முடிவு செய்து, பொந்துக்கு மேலுள்ள கிளைகளின் நுனிப் பாரத்தை மட்டும் குறைத்தார். ஆண்டுதோறும் வந்து தட்டிப் பார்க்கிறார். பழைய வெட்டு இன்னும் மூடவில்லை. கழுத்தை விட்டு வெட்டிய இடத்திலோ பட்டை நான்கு பக்கமும் வட்டமாக உருண்டு வந்து, நடுவில் ஒரு நாணயம் அளவே திறந்திருக்கிறது.