அட்சய திருதியைக்கு நகை வாங்காவிட்டால் ஏன் உள்ளே உறுத்துகிறது?

கோபி மருமகள் கேட்கிறார்:

சித்திரை பிறந்தால் போதும், எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். "ஒரு கிராமாவது வாங்கிப் போடணும் கண்ணு, இல்லாட்டி வருசம் பூரா கையில காசு நிக்காது" என்பார் அத்தை. மாமியாரைத்தான் சொல்கிறேன். வீட்டுக் கடன் தவணை ஒரு பக்கம், ஜூனில் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம் ஒரு பக்கம். இதில் ஒரு கிராமுக்கு எங்கே போவது?

அத்தைக்குக் கல்யாணம் 1982-ல். "அப்பெல்லாம் இது இருந்துச்சாங்கத்தை?" என்று கேட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்களுக்குத் தெரியாது கண்ணு" என்றார். அதாவது வழக்கம் அப்போதும் இருந்ததாம், இவர்கள்தான் தெரியாமல் விட்டுவிட்டார்களாம்!

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. விளம்பர வேலை என்று தெரியும். ஆனாலும் போன வருடம் அன்று காலை பேருந்தில் போகும்போது கடை வாசலில் நின்ற வரிசையைப் பார்த்ததும், நாம் மட்டும் விட்டுவிட்டோமோ என்று ஒரு நெருடல். தெரிந்திருந்தும் ஏன் வருகிறது? யார், எப்படி இதை நம் தலைக்குள் ஏற்றுகிறார்கள்? கடைக்குள்ளே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய கவுண்டர்காரன்:

சகோதரி, நான் கோவையில் ஒரு பெரிய நகைக்கடையில் செயின் கவுண்டரிலும் அப்புறம் ஆரம் பகுதியிலும் நின்றவன். இப்போது வேறு தொழில். கடைப் பெயர் வேண்டாம்.

உங்களை உறுத்திய அந்த வரிசையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு கிராம், இரண்டு கிராம் தங்கக் காசு விற்கிற மேசை எங்கள் கடையில் மற்ற நாளெல்லாம் மாடியில் ஒரு மூலையில் கிடக்கும். அட்சய திருதியை அன்று அது வாசலை ஒட்டி வந்துவிடும். காசு வாங்க வருபவர் டிசைன் பார்க்க மாட்டார், சேதாரத்துக்குப் பேரம் பேச மாட்டார், நிமிடத்தில் முடிகிற வியாபாரம். ஆனால் அங்கே பில் போட இரண்டே பேர்தான். காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்கினால் ஏழு மணிக்குள் வரிசை பந்தலைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிடும். உங்களைப் போல் பேருந்தில் போகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். டிவிக்காரர்கள் வந்து படம் எடுப்பார்கள், மத்தியானச் செய்தியில் 'அலைமோதும் கூட்டம்' என்று ஓடும். அதே நேரத்தில் உள்ளே ஆரம் பகுதியில் நாங்கள் ஏசியில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். பெரிய வியாபாரம் செய்தி ஓடிய பிறகு, சாயங்காலம்தான் வரும்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவர் வருவார். அவர் சொன்னதில் ஒன்று இன்னும் ஞாபகம் இருக்கிறது: "வாங்குறீங்களா என்று கேட்காதே, எத்தனை கிராமில் பார்க்கலாம் என்று கேள்." வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சே எழாது. நகையை முதலில் வீட்டுக்குப் பெரியவர் கழுத்தில் வைத்துக் காட்ட வேண்டும், பணம் கொடுப்பவரிடம் அல்ல. மாமியார் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டால் மருமகளோ மகனோ என்ன பேச முடியும்?

அப்புறம் முன்பதிவு. பத்து நாள் முன்னாலேயே ஃபோன் போகும். "இப்ப புக் பண்ணிக்கோங்க, அன்னைக்கு ரேட் ஏறினா இந்த ரேட், இறங்கினா அந்த ரேட்." கேட்கும்போது கடைக்காரன் தலையில் துண்டு போடுகிற மாதிரி இருக்கும். ஆனால் முன்பணம் கட்டியவர் மனதளவில் அன்றே வாங்கிவிட்டார். அவர் அடுத்த கடைக்குப் போய்ச் சேதாரம் விசாரிக்க மாட்டார். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். பதினோரு மாதச் சீட்டும் இதே வகை. முன்பணமாக வாங்கிய பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்தால்தான் அது வைப்புத்தொகைக் கணக்கில் வராது. கம்பெனிச் சட்ட விதி அப்படி. அதனால்தான் எந்தப் பெரிய கடைச் சீட்டும் வருடத்தைத் தாண்டாமல் நிற்கிறது. மக்கள் இதையும் ஏதோ ராசியான எண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

வழக்கம் எப்போது வந்தது என்று கேட்டீர்கள். உங்கள் அத்தைக்குக் கல்யாணம் ஆன காலத்தில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலில் இருந்தது. 1968-ல் வந்த சட்டம், 1990-ல்தான் எடுத்தார்கள். அதுவரை வீட்டில் தங்கக் கட்டியோ காசோ வைத்திருக்கவே கூடாது, நகை மட்டும்தான். 'ஒரு கிராம் காசு' என்ற சரக்கை அன்றைக்குப் பகிரங்கமாக விற்றிருக்கவே முடியாது. சட்டம் போனது, பெரிய ஷோரூம்கள் வந்தன, 1993-ல் சன் டிவி வந்தது, 2000-ஐ ஒட்டி, தங்கச் சுரங்கக் கம்பெனிகளின் சங்கமான உலகத் தங்க கவுன்சிலும் நகைக்கடைகளும் அட்சய திருதியையைக் கையில் எடுத்தன. அதற்கு முன்னால் நம் ஊரில் அந்த நாள் என்றால் கும்பகோணம் பெரிய தெருவில் பன்னிரண்டு கருட சேவை, அங்கங்கே நீர்மோர், பானகம், குடை, விசிறி, தயிர்சாதம் தானம். கதை சொல்கிறவர்கள் குசேலர் அவலையும் திரௌபதியின் அட்சய பாத்திரத்தையும் சொல்வார்கள். இரண்டு கதையிலும் யாரும் கடைக்குப் போகவில்லை. உலோகம் வாங்குவதற்கென்று வடநாட்டில் தன்தேரஸ் இருந்தது, அது தீபாவளியை ஒட்டி வருவது.

என்னைக் கேட்டால் இதில் சாமர்த்தியமே புதிதாக ஒரு நாளைக் கண்டுபிடிக்காததுதான். புது நாளாக இருந்தால் அத்தையே "இதென்ன கூத்து" என்று தள்ளியிருப்பார். ஏற்கெனவே பஞ்சாங்கத்தில் இருக்கிற நாள் என்பதால், நீங்கள் விளம்பரத்தைக் குறை சொன்னால் அவருக்குச் சாமியைக் குறை சொன்ன மாதிரி கேட்கிறது.

சேலம் வாசகன்:

இதே வேலையை வைரத்துக்கு உலகம் முழுக்கச் செய்திருக்கிறார்கள். டி பியர்ஸ் என்ற வைரக் கம்பெனி 1938-ல் அமெரிக்காவில் என். டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்தை அமர்த்தியது. 'வைரம் என்றென்றைக்கும்' என்ற வாசகத்தை 1947-ல் எழுதியவர் அங்கே வேலை பார்த்த பிரான்சிஸ் கெரட்டி. என்றென்றைக்கும் என்றால், வாங்கியதை யாரும் திருப்பி விற்கக் கூடாது என்பதும் அதில் அடக்கம். விற்கப் போனால்தானே அதற்கு என்ன விலை கிடைக்கும் என்று தெரியும்?

ஜப்பான் இன்னும் வேடிக்கை. அங்கே நிச்சயத்துக்கு வைர மோதிரம் என்ற பழக்கமே கிடையாது. 1967-ல் டி பியர்ஸுக்காக ஜே. வால்டர் தாம்சன் என்ற விளம்பர நிறுவனம் வேலையை ஆரம்பித்தபோது நிச்சயமான பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கையில்கூட வைரம் இல்லை. 1981-ல் அறுபது பேர் கையில் இருந்தது. படங்களில் மேல்நாட்டு உடை போட்ட ஜோடி சைக்கிள் ஓட்டும், மலை ஏறும், கூடாரம் போடும். மோதிரம் போட்டால் நீயும் புதுக்காலத்துப் பெண் என்று அர்த்தம். 'மூன்று மாதச் சம்பளம்' என்று விலையையும் விளம்பரமே நிர்ணயித்துக் கொடுத்தது. அங்கே புதுமை என்று விற்றார்கள், இங்கே பழமை என்று விற்கிறார்கள்.

ரொக்கம் முருகு:

எல்லாம் சரி, எனக்கு ஒன்று புரியவில்லை. 2005-ல் இதே அட்சய திருதியைக்கு என் அம்மா சவரன் ஐயாயிரம் ரூபாய் வாக்கில் வாங்கினார். அப்போது சிரித்த என் சித்தப்பா போட்ட சீட்டுக் கம்பெனி பணத்தோடு ஓடிவிட்டது. இன்றைக்குத் தங்கம் விற்கிற விலைக்கு யார் ஏமாந்தவர்? நம் ஊரில் பல பெண்களுக்குத் தன் பெயரில் இருக்கிற ஒரே சொத்து கழுத்தில் இருப்பதுதான். விளம்பரம் ஏமாற்றியே வாங்க வைத்திருந்தாலும் நல்ல காரியம்தான் நடந்திருக்கிறது.

பழைய கவுண்டர்காரன்:

முருகு அண்ணா, பெண்களுக்கு அது சொத்து என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நானும் என் மகளுக்குச் சேர்க்கிறேன். உங்கள் அம்மாவுக்கு லாபம் கொடுத்தது தங்கம், அட்சய திருதியை அல்ல. அடுத்த வாரம் வாங்கியிருந்தாலும் கிட்டத்தட்ட அதே லாபம்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சவரன் மோதிரம், சேதாரம் 14 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கையில் வாங்குவது 8 கிராம், பணம் கொடுப்பது 9.12 கிராமுக்கு. அதன் மேல் 3 விழுக்காடு ஜிஎஸ்டி. கடையை விட்டு இறங்கும்போதே தங்கம் பதினேழு விழுக்காடு ஏறினால்தான் போட்ட பணம் தேறும் என்ற நிலை. மற்ற நாளில் அந்த 14-ஐ 18 என்று சொல்லி ஆரம்பிப்போம், பேரம் பேசுபவருக்கு மேனேஜரிடம் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்து 12 என்போம். பதினெட்டைக் கேட்ட காதுக்குப் பன்னிரண்டு தானமாகத் தெரியும். அட்சய திருதியை அன்று அந்தத் தண்ணீர் குடிக்கிற வேலைகூட இல்லை. பின்னால் இருபது பேர் நிற்கும்போது யார் பேரம் பேசுவார்கள்?

வகுப்பறை வாத்தியார்:

கோபி மருமகள் கேட்ட "தெரிந்திருந்தும் ஏன்" என்பதற்கு நான் ஒன்று சேர்க்கிறேன், உளவியல் பாடம் எடுப்பவன். 1950-களில் சாலமன் ஆஷ் என்பவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். மூன்று கோடுகளில் எது இந்தக் கோட்டின் நீளம் என்று கேட்பார். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள், ஒருவர் பின் ஒருவராகத் தப்பாகச் சொல்வார்கள். இது தெரியாமல் கடைசி வாக்கில் பதில் சொல்லும் நபர், கண் முன்னால் விடை இருந்தும், சராசரியாக மூன்றில் ஒரு தடவை அவர்களோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார். எல்லோரும் தப்பாகச் சொல்லும்போது ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்ல வைத்தபோது, அந்தத் தவறு நாலில் ஒரு பங்காக இறங்கிவிட்டது.

உங்கள் வீட்டில் இன்னொருவர் உங்கள் பக்கம் இருக்கிறாரா என்று பாருங்கள்.

கோபி மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு என் ஓரகத்திக்கு ஃபோன் போட்டேன். பெருந்துறையில் இருக்கிறாள். கேட்டால் அவளுக்கும் இஷ்டமில்லையாம்! நான் வாங்குவேன், அவள் வாங்காமல் விட்டால் அத்தை முன்னால் பேச்சு வரும் என்றுதான் வருடா வருடம் வாங்கியிருக்கிறாள். போன வருடம் தவிர மற்ற வருடங்களில் நானும் அவளுக்காகத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். இந்த வருடம் இரண்டு பேரும் வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அன்றைக்குத் தெருமுனையில் நீர்மோர் ஊற்றலாம் என்று அத்தையிடம் சொன்னேன். உடனே "பானை நான் தர்றேன்" என்றார். நகைப் பேச்சை இன்னும் முழுக்க விடவில்லை, அது வேறு.

ஒரு சிக்கல்: வீட்டுக்காரர் என்னிடம் சொல்லாமலே ஐயாயிரம் கட்டி முன்பதிவு செய்திருக்கிறார். அது போனதுதானா?

பழைய கவுண்டர்காரன்:

போகவில்லை. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனை இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். பணமாகத் திருப்பித் தர மாட்டோம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். எத்தனை நாளுக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கும், உங்களுக்கு வேண்டியது அந்த வரி. நாள் இருந்தால் கூட்டம் வடிந்த பிறகு ஒரு செவ்வாயோ புதனோ மத்தியானம் போங்கள். கவுண்டரில் ஆள் சும்மா நிற்பான், மேனேஜரும் இறங்கி வருவார். பிள்ளைக்கு ஒரு சின்னக் கம்மலாக எடுத்துக்கொள்ளுங்கள். கல் வைத்தது வேண்டாம். சேதாரத்தை விழுக்காட்டில் சொன்னால் கிராமில் எவ்வளவு என்று கேளுங்கள். பில்லில் ஆறு எழுத்து ஹால்மார்க் எண் இருக்கிறதா, நகையில் இருப்பதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள், அந்த எண்ணை அரசின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கூல் டிரிங்ஸ் கொடுத்தால் குடியுங்கள், ஆனால் ஆரம் பகுதிக்குள் அத்தையை விட்டுவிடாதீர்கள்.