வீட்டுக்குள் நெட்வேர்க் இழுத்தவர்களே, என்ன வாங்கினீர்கள், என்ன ஆனது?

கல்லடிக்காரன்:
நானே தொடங்குகிறேன். எங்கள் வீட்டில் ரவுட்டர் கீழே விறாந்தையில். மகளின் ஒன்லைன் வகுப்பு மேல்மாடியில். இடையில் கொங்கிறீட் பிளேட். வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் சிக்னல் படிக்கட்டிலேயே படுத்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் ஏறும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதில்தான் நெரிபடுகிறது.

முதலில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற எக்ஸ்டெண்டர் ஒன்று வாங்கினேன். போனில் கோடு நிறைந்தது, வேகம் பாதியானது. கேட்கிற ரேடியோவாலேயே திருப்பிச் சொல்கிற வகை அது. சரி, வயரே இழுப்போம் என்று 30 மீற்றர் கேட் 6 தர நெட்வேர்க் வயர் வாங்கி, வயர்களைப் பிரித்துக் கொடுக்கிற கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) சுவிட்சும் வைத்தேன். அப்படியும் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. ஒரு மாதம் ரவுட்டரைத் திட்டித் தீர்த்தேன்.

பிறகு மச்சான் வந்து முனையை வெட்டி, ஒரு கம்பியை எடுத்துப் பேனாக்கத்தியால் சுரண்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய வயர்! நாலு தடவை மடித்து நிமிர்த்தினான், பொட்டென்று முறிந்தது. வெட்டிய முனையைப் பார்த்தால் பிளக்குக்குள்ளேயே நீலக் கம்பி அறுந்திருந்தது. வயருக்குள் எட்டுக் கம்பி. 100 எம்பிபிஎஸ்ஸுக்குப் பிளக்கின் 1, 2, 3, 6ஆம் இடத்து நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று போனதும் சுவிட்ச் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடியிருக்கிறது. இணைப்பு அறவே விழுந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன்.

இப்போது முழுச் செம்பு கேட் 5இ. கிகாபிட்டை 100 மீற்றர் வரை கொண்டுபோகும், வீட்டுக்கு அது தாராளம். கேட் 6 என்று உறையில் அச்சடித்திருப்பதை நம்பி இனி ஒரு சதம் கூடக் கொடுக்க மாட்டேன்.

சாய்ந்தமருதூரான்:
எங்கள் உம்மாவுக்குச் சுவரில் துளை போடவே விருப்பமில்லை. காக்கா (அண்ணன்) கட்டாரிலிருந்து பவர்லைன் அடப்டர் ஒரு சோடி கொண்டுவந்தார், கறண்ட் வயரிலேயே நெட் போகும் சாமான். எக்ஸ்டென்ஷன் போர்ட்டில் செருகியபோது ஆமை. மின்னழுத்தம் தாவாமல் காக்கிற அந்தப் போர்ட் இதன் சிக்னலையும் வடிகட்டிவிடுகிறது. நேரே சுவர்ப் பிளக்கில் செருகியதும் வகுப்புக்குப் போதுமான அளவுக்கு ஓடுகிறது. தண்ணி மோட்டார் போட்டால் மட்டும் தடுமாறும். மூன்று பேஸ் எடுத்த வீடென்றால் வாங்கும் முன் யோசியுங்கள், இரண்டு அறையும் வேறு வேறு பேஸில் இருந்தால் அநேகமாகப் பேசிக்கொள்ளாது.

செங்கலடியான்:
எங்கள் வளவில் இரண்டு வீடு, இடையில் 40 மீற்றர். சாதாரண நெட்வேர்க் வயரை மாமரத்தில் கட்டி இழுத்தேன். ஒரு வருடம் பிசகில்லை. அடுத்த ஒக்டோபர் மாலை இடியில், நேரே விழக்கூட இல்லை, எங்கேயோ பக்கத்தில், இரண்டு வீட்டு ரவுட்டரிலும் வயர் செருகிய போர்ட் செத்தது. கறண்ட் பிளக் எல்லாம் கழற்றித்தான் வைத்திருந்தோம். அந்த வயரைக் கழற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது ஃபைபர். கண்ணாடியில் வெளிச்சம்தான் போகும், மின்சாரத்துக்கு வழியில்லை. தாங்குவதற்காகக் கூட வருகிற இரும்புக் கம்பியை மட்டும் வீட்டுக்குள் வரும் முன் வெட்டிவிட்டேன். இரண்டு முனையிலும் வெளிச்சத்தை மின் சிக்னலாகவும் மின் சிக்னலை வெளிச்சமாகவும் மாற்றுகிற மீடியா கன்வேர்ட்டர்.

கல்லடிக்காரன்:
அண்ணன், கன்வேர்ட்டர் இரண்டும் ஒரே மாதிரியா வாங்க வேணும்?

செங்கலடியான்:
ஒரே மாதிரி வாங்கித்தான் நான் மாட்டிக்கொண்டேன், தம்பி. ஒற்றை இழை ஃபைபர் என்றால் ஒரு முனைக்கு ஏ வகை, மறு முனைக்கு பி வகை. ஒன்று அனுப்பும் நிறத்தை மற்றது வாங்கும். நான் இரண்டும் ஏ வாங்கி, கன்வேர்ட்டரில் இணைப்பு விளக்கு எரியாமல் ஒரு நாள் முழுக்க வயரைச் சோதித்துவிட்டு, மறுநாள் திரும்ப டவுனுக்குப் போனேன்.